எங்க வெப்ப? – பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

முட்டி வலிக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போடுகிறீர்களா? வெறும் வயிற்றில் போடாதீர்கள், குடலைப் புண்ணாக்கிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி டெக்சாஸிலிருந்து வீடியோ காலில் வந்தானே, அன்றிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. நேரில் வந்தே சொல்லலாம். தண்டையார்பேட்டை என்ன தூரமா? ஆனால் உங்கள் எதிரில் உட்கார்ந்தால் காபி, கரண்ட் பில், காய்கறி விலை என்று பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் 1996-க்குப் பிறகு நம் வீட்டில் உங்கள் எதிரில் யாரும் வாய் திறந்து பேசியதில்லை. நான் இங்கே எழுதுவதை நீங்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிப்பது எனக்குத் தெரியும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டேன். "எழுது. நாலு பேருக்குத் தெரிஞ்சா தெரியட்டும்" என்றான்.

அன்றைக்கு தம்பி புதிதாக வாங்கிய துப்பாக்கியை கேமராவுக்கு முன்னால் காட்டினான். கறுப்பாக, கைக்கு அடக்கமாக இருந்தது. "அப்பா, இங்க இத இடுப்புல வெச்சிக்கினு போறதுக்கு லைசன்ஸே வேணாம்பா" என்றான். 2021-லிருந்து டெக்சாஸில் அப்படித்தான் சட்டம். அப்புறம் ஒன்று சொன்னான்: "நீங்க வெச்சிருந்தீங்களே, அத பாத்துத்தான் எனக்கு சின்ன வயசுலேர்ந்தே ஆசை."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தீர்கள். துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "எங்க வெச்சிருக்க?" என்று கேட்டீர்கள்.

"கட்டிலாண்ட டிராயர்லதான்பா. டக்குனு எடுக்கணும்ல?"

"பையன் எந்த ரூம்ல படுக்கறான்?"

அவன் சிரித்தான். "அவனுக்குப் பதினாறு வயசாவுதுப்பா, இன்னும் குழந்தையா?" என்றான். நீங்கள் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டீர்கள்.

பெரியப்பா, அந்தத் துப்பாக்கி எனக்கும் தெய்வம் மாதிரிதான் இருந்தது. ராணுவத்திலிருந்து ஹவில்தாராக வந்து, சௌகார்பேட்டையில் ஒரு நகைக்கடையில் கன்மேன் வேலைக்குச் சேர்ந்தீர்கள். சொந்தத் துப்பாக்கியும் லைசன்ஸும் இருந்தால்தான் அந்த வேலை. 'பன்னிரண்டு போர்' என்ற அளவு, இரட்டைக்குழல். தெருவில் யாரிடமும் இல்லாதது நம் வீட்டில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எவ்வளவு பீற்றிக்கொண்டிருப்பேன்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து நீங்கள் அதை மடக்குவீர்கள். கம்பியில் துணியைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, குழலுக்குள் விட்டு இழுப்பீர்கள். துணி முதலில் கறுப்பாக வரும், பிறகு சாம்பல் நிறமாக, கடைசியில் வெள்ளையாகவே வரும். அதற்குப் பிறகு "பாரு" என்று குழலை என் கண்ணுக்கு நேராகப் பிடிப்பீர்கள். அந்தப் பக்கம் ஜன்னல். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகப் பளபளக்கும். தேங்காய் எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை இப்போது எழுதும்போதுகூட மூக்கில் வருகிறது.

துடைத்து முடித்ததும் அது கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். மேலே வெள்ளை பெயின்டில் உங்கள் ஆர்மி நம்பர். தோட்டாக்கள் அதில் இருக்காது. அவை பீரோவில். பீரோ சாவி பெரியம்மாவின் இடுப்புக் கொத்தில். இதையெல்லாம் நான் அப்போது கவனிக்கவே இல்லை.

நான் கவனித்தது அதன் பெருமையை மட்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லைசன்ஸைப் புதுப்பிக்க நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு போவதை, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதைப் பத்திரமாக மடித்து வைப்பதை. 1996 தேர்தலுக்கும் அப்படித்தான் கொடுத்தீர்கள். முடிவு வந்து, எல்லோரும் போய் அவரவர் துப்பாக்கியை வாங்கிவந்த பிறகும் நீங்கள் போகவில்லை. பிறகு டீலரிடம் விற்று லைசன்ஸையும் சரண்டர் செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கன்மேன் வேலை போனது. ஒரு அபார்ட்மெண்டில் லத்தியோடு வாட்ச்மேனாக, பாதிச் சம்பளத்துக்கு உட்கார்ந்தீர்கள். உங்களுக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2009-இல் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நைட் டியூட்டி முடிந்து கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகே நடந்து வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் செயினைப் பறித்தார்கள். கழுத்தில் கோடு மாதிரி ரத்தம். செயின் போனதைவிட அந்தக் கை கழுத்தில் பட்டதுதான் ஆறு மாசத்துக்கு என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு முன்னால் கேட்டிருந்தால் துப்பாக்கி எதற்கு என்று சொல்லியிருப்பேன். அந்த ஆறு மாசத்தில், பெண்கள் எல்லோருக்குமே லைசன்ஸ் கொடுக்க வேண்டும் என்று சண்டை போடுகிற ஆளாகிவிட்டேன். மனு எழுத உதவி கேட்டு உங்களிடம்தான் வந்தேன்.

நீங்கள் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "வாங்கினா எங்க வெப்ப?" என்று கேட்டீர்கள்.

பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்றேன். "அப்போ திருடன் வந்தா கைக்கு எட்டாதும்மா." சரி, தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறேன் என்றேன். "உன் கைக்கு எட்டற எடத்துல வெச்சா வீட்ல எல்லாருக்கும் எட்டும்."

அன்று சாயங்காலம் அடுக்களையில் பெரியம்மா எனக்குச் சொன்னார்கள். அண்ணன் வேலை பார்த்த ஆலையை மூடிய வருஷம். பேசிவைத்த சம்பந்தமும் போனது. மூன்று மாசமாக அவன் யாருடனும் பேசவில்லை. ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்த பெரியம்மா பார்த்தபோது டிரங்குப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தானாம். பெட்டியின் பூட்டு திறந்திருந்தது. பெரியம்மா முதலில் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்களாம், சாவிக் கொத்து இருக்கிறதா என்று. நீங்கள் எழுந்து வந்து திட்டவில்லை, அழவில்லை. அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விடிந்து பால்காரர் சைக்கிள் மணி அடிக்கும்வரை அவன் தோளில் கை போட்டுக்கொண்டே இருந்தீர்களாம். அடுத்த மாசம் தேர்தல். தம்பி அப்போது திருச்சி ஹாஸ்டலில். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர்தான்.

நான் அன்றோடு அந்த மனுவைக் கிழித்துவிட்டேன். பயம் போய்விடவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே இருப்பவனை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவள், வீட்டுக்குள் இருப்பவர்களை நினைத்துப் பயப்பட ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் ஜனங்கள் மனம் மாறுவதெல்லாம் இப்படித்தான் என்று தோன்றுகிறது. புள்ளிவிவரம் படித்து யாரும் மாறுவதில்லை. எந்தப் பயம் பக்கத்தில் வந்து உட்கார்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறோம்.

உங்கள் எம்.ஜி.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா சுட்டபோது, சுட்டவர் முன்பின் தெரியாத ஆளா? எத்தனையோ படத்தில் சேர்ந்து நடித்தவர், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் அந்தப் போஸ்டரை நீங்கள் எத்தனை தடவை விவரித்திருக்கிறீர்கள்! அவரைப் போலவே நடிகராக இருந்து ஆட்சிக்கு வந்த ரொனால்ட் ரீகனும் 1981 மார்ச் 30-இல் குண்டு பட்டுப் பிழைத்தார். துப்பாக்கி உரிமைக்காரர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. உடன் இருந்த பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் குண்டு பட்டு, வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி. பத்து வருஷம் கழித்து, 1991-இல், துப்பாக்கி வாங்க வருகிறவனின் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்ற பிரேடி மசோதாவை ஆதரித்து ரீகன் பத்திரிகையில் எழுதினார். 1993-இல் அது சட்டமானது.

ஜே டிக்கி என்று ஒருவர், ஆர்கன்ஸா மாநில எம்.பி. நம் வீட்டில் அது நடந்த அதே 1996-இல், துப்பாக்கிச் சாவுகளைப் பற்றிய அரசு ஆராய்ச்சியை முடக்கிப்போட்ட திருத்தம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்த மார்க் ரோசன்பர்க்குக்கு அவர் பரம எதிரி. பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள், பேசப் பேச நண்பர்களானார்கள். 2012-இல் இருவரும் சேர்ந்து, ஆராய்ச்சி வேண்டும் என்று எழுதினார்கள். எனக்கு ரீகனைவிட டிக்கியைத்தான் பிடிக்கிறது. அவர்மேல் குண்டு எதுவும் படவில்லை. எதிராளி பேசியதைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்.

நம் தேசமும் மாறியிருக்கிறது. வெள்ளைக்காரன் 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நம்மை நிராயுதபாணி ஆக்கிவிட்டது என்ற கோபம் அந்தத் தலைமுறைக்கு நிறைய. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. அதையே 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் கேட்டபோது அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை, சபையும் ஏற்கவில்லை. அதற்குள் பிரிவினைக் கலவரத்தைப் பார்த்துவிட்டோம், காந்தியை மூன்று குண்டுக்குப் பறிகொடுத்துவிட்டோம்.

அமெரிக்கா எதிர்ப்பக்கமாகப் போயிருக்கிறது. 1959-இல் கேலப் கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 60 பேர் போலீஸ் போன்றவர்களைத் தவிர யாருக்கும் கைத்துப்பாக்கி கூடாது என்றார்கள். இப்போது அப்படிச் சொல்பவர்கள் 30 பேர்கூட இல்லை. துப்பாக்கி எதற்கு என்று 1999-இல் ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டபோது, வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 49 பேர் வேட்டைக்கு என்றார்கள், 26 பேர் பாதுகாப்புக்கு என்றார்கள். 2013-இல் பியூ ஆய்வு நிறுவனம் கேட்டபோது பாதுகாப்பு 48, வேட்டை 32. இத்தனைக்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருந்ததைவிட அங்கே குற்றங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. குற்றம் குறைந்தது, பயம் ஏறியது.

தம்பியும் அதற்குள்தான் வாழ்கிறான். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளைச் சுட்டுக்கொன்ற அன்று நடுராத்திரியில் எனக்குப் போன் செய்து அழுதான். "இந்த ஊரே வேணாங்கா, பையன தூக்கிக்கினு வந்துடறேன்" என்றான். பையனுக்கு அப்போது மூன்று வயது. அவனேதான் இப்போது வாங்கியிருக்கிறான். பக்கத்துத் தெருவில் வீடு புகுந்து திருடியிருக்கிறார்கள், அவன் ஷிப்டுக்குப் போனால் வீட்டில் அவன் மனைவி தனியாக. அவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுத்தில் கோடு விழுந்தவள் நான்.

ஆனால் நான் நர்ஸ், பெரியப்பா. வடசென்னை என்றாலே கத்தி என்று சினிமாக்காரர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கு அது கோபம்தான். ஆனாலும் கேஷுவால்டியில் வெட்டுக்காயத்தோடு வந்தவர்கள் எத்தனையோ பேரைத் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். துப்பாக்கிக் காயத்தை என் சர்வீஸில் விரல்விட்டு எண்ணிவிடலாம். உயிரை விடத் துணிந்து பிழைத்தவர்கள் அதைவிட அதிகம். அந்த ஒரு ராத்திரியைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிறகு அப்படிச் சாவதில்லை என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன, நானும் கண்ணால் பார்க்கிறேன். துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் சுமார் 48,800 பேர், அதில் 26,300 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். தம்பி திருடனுக்காக வாங்கியிருக்கிறான். அந்தக் கணக்கில் பாதிக்குமேல் திருடனுக்கு வேலையே இல்லை. (இதைப் படிக்கிற வேறு யார் வீட்டிலாவது பேச்சு நின்றுபோன ஒருவர் இருந்தால் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்கள், தயங்காதீர்கள்.)

இதையெல்லாம் நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான். ஒரு கணக்குக்கு எதிராக ஒன்பது கணக்கு வைத்திருப்பான். அவன் கையில் இருக்கும் பெரிய நியாயம் நீங்கள்தான். "அப்பாவே வெச்சிருந்தாரே." அந்த அப்பா ஏன் விட்டார் என்பது அவனுக்குத் தெரியாது. வயசாகிவிட்டது என்றுதான் அவனும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் சொல்ல வேண்டும், பெரியப்பா. விற்றுவிடு என்றுகூடச் சொல்ல வேண்டாம். பெட்டி ஒரு இடம், தோட்டா ஒரு இடம், சாவி பெரியம்மா இடுப்பில் என்று வைத்திருந்ததைச் சொல்லுங்கள். அப்படி வைத்திருந்தும் அந்த ராத்திரிக்குப் பிறகு உங்களால் அதை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள். அண்ணனும் பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான். உங்களுக்குத் தொண்டை அடைத்தால் மீதியை அவன் சொல்வான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அவனுக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி, அவனே கூப்பிடுவான். பையனைத் தூங்க அனுப்பிவிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன், விஷயம் சொல்லவில்லை. நான் ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன். வழியில் காசிமேட்டில் நல்ல சங்கரா கிடைத்தால் வாங்கி வருகிறேன், நீங்கள் போய் அலையாதீர்கள். போனுக்கு மட்டும் ராத்திரியே சார்ஜ் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்