யி முகமூடிக்குக் கறுப்புதான் நிறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனாவின் யி மக்களுடைய முகமூடிகள் பற்றிய கட்டுரையோடு வந்த படம் யி முகமூடி அல்ல. தலைக்கவசமும் பளிச்சென்ற வண்ணங்களும் கொண்ட அது, குய்சோ மாகாணத்தின் அன்ஷுன் பகுதியில் ஹான் மக்கள் ஆடும் தீஷி நாடகத்துக்கு உரியது. அதை நெற்றிமேல் ஏற்றிக் கட்டி, முகத்தைக் கறுப்புத் துணியால் மறைப்பார்கள். அதே மாகாணத்தின் வெய்னிங் வட்டார யி மக்கள் சுவோதாய்ஜி என்ற நாடகத்தில் அணியும் முகமூடி முகத்தையே மூடுவது. சந்திர ஆண்டின் முதல் மாதத்தில் ஆடப்படும் இந்தச் சடங்கு நாடகம், 2006இல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

முகமூடியின் நீளம் ஏறக்குறைய 1 அடி. ரோடோடென்ட்ரான் என்ற மலைப்பூமரம், அரக்கு மரம் போன்ற கடின மரங்களில் செதுக்குகிறார்கள். கட்டையை நெடுக்காகப் பிளந்ததும் நடுத்தண்டைச் சுத்தமாக நீக்கிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் காயும்போது அங்கிருந்தே வெடிப்பு ஓடி, மூக்கு இரண்டாகிவிடும். நெற்றி புடைத்தும் மூக்கு நீண்டு நேராகவும் வரவேண்டும். பின்பக்கத்தை ஒரே கனத்தில் குடைவது முக்கியம். மெல்லிய இடம் முந்திக் காய்ந்தால் முகமே கோணும். வெயிலில் அல்ல, நிழலில்தான் காயவைக்க வேண்டும். பச்சை அரக்கு மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதால் கைகளை மூடிக்கொள்வது நல்லது.

கண்ணும் வாயும் வெறும் துளைகளே. உள்விளிம்பைச் சாய்வாகச் சீவாவிட்டால் ஆடுபவருக்குப் பக்கப்பார்வை கிடைக்காது.

பிறகு சட்டிக்கரியோ மையோ பூசிக் கறுப்பாக்கி, நெற்றியிலும் கன்னத்திலும் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடுகள் இழுப்பார்கள். கறுப்பு காயுமுன் கோடு போட்டால் சாம்பல் நிறமாகக் கலங்கிவிடும். அந்தக் கோடுகள் நாடகத்தில் வரும் மூதாதையரின் முதுமையைக் காட்டுபவை: அபுமோ என்ற கிழவருக்கு வயது 1700, அதமோ என்ற கிழவிக்கு 1500, மஹோமோவுக்கு 1200, ஹெய்புவுக்கு 1000. அபுமோவுக்கு வெள்ளைத் தாடி, மஹோமோவுக்குக் கறுப்புத் தாடி. ஹெய்புவின் மேலுதடு பிளந்திருக்கும். ஆளை அடையாளம் காண இவையே போதும்.

வழவழவென்று தேய்த்து வார்னிஷ் அடித்தால் வெளிச்சம் பட்டு மினுங்கி, கோடுகள் மறைந்துபோகும். உளித்தடம் தெரிவதைக் கட்டுரையாளர் குறையாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆயிரம் ஆண்டு கடந்த மூதாதையின் முகம் பொம்மைபோல் மினுங்கலாமா?

சரியான படத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மரச்சிற்பப் பணியில் உள்ள வாசகர்கள்