இரண்டு பிள்ளைகளோடு நீ தொடங்கும் குடும்பம்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. "ஆளுக்கொரு பிள்ளையோட வந்து சேர்றதெல்லாம் ஒரு குடும்பமா?" என்று உன் மறுமணத்தைப் பற்றிச் சித்தி கேட்டாளாம். அதைச் சொல்லும்போதே உன் குரல் கம்மிவிட்டது. போனில் பேசினால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா சம்பாதிக்க, அம்மா ஆக்கிப்போட, பிள்ளைகள் படிக்க என்று ஒழுங்காக இருந்த குடும்பம் நம் வம்சத்தில் எப்போது இருந்தது? ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், என் தாத்தாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவே இல்லை. சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில், ஒரு லயத்து வீட்டில், அப்பாயியும் அவள் தம்பியும் சேர்ந்துதான் என் அப்பாவை வளர்த்தார்கள். அந்த வீட்டுக்குத்தான் ஒரு சீனக் குடும்பம், வளர்க்க வழியில்லாமல், தங்கள் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனது. அதுதான் உன் அத்தைப்பாட்டி.

அவளை நீ கிழவியாகத்தான் பார்த்தாய். நான் பார்த்த அத்தை, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மியில் மசாலா அரைப்பாள். அரைத்து முடித்து அம்மி கழுவிய தண்ணீரையும் குழம்பிலேயே ஊற்றிவிடுவாள், அப்பாயி பழக்கியபடியே. அப்பாயி படுக்கையில் விழுந்த கடைசிக் காலத்தில் அள்ளிப்போட்டதும் துடைத்துவிட்டதும் அவள்தான். தோட்டத்தில் யாரும் அவளை வேற்றுப் பிள்ளை என்று சொன்னதில்லை. ஆனால் தத்தெடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அடையாள அட்டை எடுக்க அப்பா அவளை அழைத்துக்கொண்டு அலைந்ததை நான் பார்த்து வளர்ந்தேன். இந்தக் காகித விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வை, திரும்ப வருகிறேன்.

பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் சமூகவியல் படித்தேனே, அப்போது ஜார்ஜ் மர்டாக் என்பவரைப் படித்தோம். 250 சமூகங்களின் விவரங்களை வைத்து, கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற தனிக்குடும்பம் எங்கும் உண்டு என்று 1949இல் எழுதியவர். டால்காட் பார்சன்ஸ், ஆண் வெளியே ஈட்டுவதும் பெண் வீட்டில் மனங்களைத் தாங்குவதும்தான் தொழில் யுகத்துக்குப் பொருந்தும் என்றார். அமெரிக்க நடுத்தர வர்க்கத்து வீட்டைப் பார்த்து எழுதியதை உலகத்துக்கே அளவுகோலாக்கிவிட்டார் என்பது என் எண்ணம். கேத்லீன் கஃப் கேரளத்து நாயர்களை ஆராய்ந்தவர். தாயும் அவள் உடன்பிறந்த ஆண்களும் சேர்ந்து பிள்ளை வளர்த்த தறவாடுகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது, அப்பாயியும் அவள் தம்பியும் இருந்த அந்த லயத்து வீடுதான் எனக்குக் கண்ணில் நின்றது.

ஆந்தனி கிடென்ஸ் போல, பின்னால் வந்தவர்கள், இந்தக் காலத்தில் மனிதர்கள் தங்கள் உறவுகளைத் தாங்களே பேசித் தீர்மானித்து அமைத்துக்கொள்கிறார்கள் என்கிறார்கள். அது முழுசாக எனக்கு ஒப்பவில்லை. நம் ஜனங்களின் குடும்பம் பல வடிவம் எடுத்தது ஆசைப்பட்டா? தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள், லயத்தைவிட்டு வெளியேறினோம். 1972இல் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாசில், தொழிற்சாலைகளுக்கான தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் பக்கத்து வீட்டு ஆயாவிடம் வளர்ந்தார்கள். பிழைப்பு இழுத்த பக்கமெல்லாம் குடும்பம் வளைந்தது. உன் கதை வேறு. நீ யோசித்து முடிவெடுத்திருக்கிறாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பழைய காலம் ஒழுங்கு என்று சித்தி சொன்னால் இதைச் சொல். மலேசியாவில் முஸ்லிம் அல்லாத நமக்கு ஒருதார மணத்தையும் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன், கோயிலில் தாலி கட்டிய எத்தனையோ பெண்கள், புருஷன் இன்னொரு வீடு வைத்துக்கொண்டபோது கேட்க நாதியில்லாமல் நின்றார்கள்.

எனக்குக் கவலை வேறு. ஆண்ட்ரூ செர்லின் என்ற சமூகவியலாளர் 1978இல் எழுதியதை உன்னை நினைத்துத் திரும்பப் படித்தேன். பிள்ளைகளோடு மறுமணம் செய்கிறவர்களுக்குச் சமூகம் முறையும் வகுத்துத் தரவில்லை, சட்டமும் சரியாக வகுக்கவில்லை, சிக்கல் அங்கேதான் என்கிறார். அமெரிக்காவை வைத்துச் சொன்னது. இங்கேயும் அப்படியே இருக்கிறது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், நம் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தில் பிள்ளை என்றால், திருமணத்தில் பிறந்த பிள்ளையும் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் மூலம் எடுத்த பிள்ளையும்தான். ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தாலும், இறந்தவருடைய மனைவியின் முந்தைய பிள்ளைக்கோ கணவனின் முந்தைய பிள்ளைக்கோ அதில் பங்கு கிடையாது. அத்தை விஷயத்தில் மனதில் வைக்கச் சொன்ன காகிதம் இதுதான்.

என் பேரனுக்கு அவன் அப்பா இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் தத்தெடுப்புப் பேச்சுக்குப் போகவேண்டாம். அப்பாவைப் பார்க்கிற உரிமை பையனுக்கு இருக்கட்டும். மாப்பிள்ளையின் பெண்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவளைத் தத்தெடுக்க நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பிக்க வழியுண்டு, ஆனால் அவள் மனசு வரும்வரை பொறு. ஆன்ட்டி என்றே கூப்பிடட்டும். அவள் அம்மாவின் படம் கூடத்தில் எங்கே மாட்டியிருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், நீயே பூ வை. இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்புவது, காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார் என்பதை இப்போதே பேசிவிடு. எல்லாம் உன் தலையில் விழுந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், மாப்பிள்ளையிடமே சொல்வேன்.

உயிலை மட்டும் தள்ளிப்போடாதே. பேரனின் அப்பாவைப் பிரிந்த பிறகு நீ எழுதி வைத்த உயில், 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, இந்தக் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும். கோலாலம்பூரிலேயே நல்ல வக்கீலாகப் பார்த்து, பதிவு முடிந்த கையோடு இருவரும் புதிதாக எழுதுங்கள். இரண்டு பிள்ளைகளின் பெயரும் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற எழுத்திலேயே இருக்கட்டும். காப்பாளர் யார் என்பதையும் எழுது. என் பெயரைப் போட எனக்குச் சம்மதம், ஆனால் என் வயதை நினைத்து இன்னொரு பெயரும் சேர்த்துக்கொள். சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா