ஒவ்வொரு வரியும் தன் பெயரோடு வரட்டும்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று உன் கடிதத்தில் படித்ததில் நிம்மதி. நீ இணைத்திருந்த லாக் கோப்பை, அதாவது உன் பைத்தான் நிரல் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவை, முழுக்கப் பார்த்தேன். எட்டு த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைச் சரடுகள்) ஓடும் நிரலில் "இணைப்பு தோல்வி" என்று பதினேழு வரிகள். எந்த வேலைக்கு, எந்த முகவரிக்கு, எத்தனையாவது முயற்சியில் என்பது ஒன்றிலும் இல்லை. ஒரே த்ரெட் ஓடினால் மேல்வரியைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம். எட்டு ஓடும்போது அந்த மேல்வரி வேறொரு த்ரெட்டுடையதாக இருக்கும். ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்துக் கையில் கொடுத்தாலும் யார், எந்த வேலையில், எதை வைத்துக்கொண்டு இடறினார் என்று அதிலேயே தெரிய வேண்டும். நான் விட்டுக்கொடுக்காமல் கேட்பது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான வழிமுறைகள்.

முதலில் செய்தி எழுதப் பயன்படுத்தும் பிரிண்ட்டை எடுத்துவிடு. அது செய்தியை ஒரு முறையும் வரிமுடிவை இன்னொரு முறையுமாக எழுதுகிறது. நடுவில் வேறொரு த்ரெட் புகுந்தால் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு, கீழே ஒரு வெற்று வரி விழும். உன் கோப்பில் நான்கு இடத்தில் இருப்பது அதுதான். பைத்தானோடு வரும் லாக்கிங் மாட்யூலில் ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் (பதிவைக் கோப்பிலோ திரையிலோ எழுதும் பகுதி) ஒரு பூட்டு உண்டு. செய்தியையும் வரிமுடிவையும் சேர்த்தே எழுதுவதால், ஒரே பிராசஸுக்குள் (தனியே ஓடும் ஒரு நிரல்) எத்தனை த்ரெட் இருந்தாலும் வரிகள் கலப்பதில்லை.

அடுத்தது வரியின் வடிவம். நேரம், நிலை, பிராசஸ் எண், த்ரெட் பெயர், பணி எண், பிறகு செய்தி என்று வைத்துக்கொள். நிலைக்கு எட்டு எழுத்து அகலம் ஒதுக்கினால் கண் நேர்கோட்டில் கீழிறங்கும். நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. நீ எதுவும் சொல்லாதவரை அஸ்க்டைம் என்ற நேரப் புலம் மில்லிசெகண்டோடு வரும். தேதி வடிவத்தை நீயே கொடுத்த கணமே மில்லிசெகண்ட் காணாமல் போகும். மில்லிசெகண்டுக்கான எம்செக்ஸ் புலத்தை மூன்று இலக்கமாக ஃபார்மட் வரியில் தனியே சேர்க்க வேண்டும். ஒரே நொடியில் நூறு வரி விழும் நிரலில் இது இல்லாவிட்டால் எது முன், எது பின் என்று சொல்ல வழியில்லை. வரியை வடிவமைக்கும் ஃபார்மட்டரின் கன்வெர்ட்டரை ஜிஎம்டைமுக்கு மாற்றி, எல்லா இயந்திரத்திலும் யுடிசி (உலகப் பொது) நேரமே எழுது.

த்ரெட்டுகளுக்குப் பெயர் வை. த்ரெட்டுகளைத் திரட்டி வைத்து வேலை கொடுக்கும் த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டரில் த்ரெட் பெயரின் முன்னொட்டைக் கொடுக்க இடம் இருக்கிறது. "பதிவிறக்கி" என்று கொடுத்தால் பதிவிறக்கி_0, பதிவிறக்கி_1 என்று வரும். ஒரே த்ரெட்டில் பல வேலைகளை (டாஸ்க்குகளை) மாற்றி மாற்றி ஓட்டும் அசின்க்ஐஓவில் த்ரெட் பெயரால் பயனில்லை, ஏனெனில் எல்லா டாஸ்க்கும் மெயின்த்ரெட்டில்தான் ஓடும். பைத்தான் 3.12 முதல் டாஸ்க்நேம் என்ற புலம் லாக் பதிவிலேயே கிடைக்கிறது. கிரியேட்டாஸ்க்கில் பெயர் கொடுக்காவிட்டால் டாஸ்க்-1, டாஸ்க்-2 என்றுதான் வரும், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் த்ரெட் பெயர் தொழிலாளியைத்தான் காட்டும், வேலையைக் காட்டாது. ஒரே த்ரெட் ஆயிரம் வேலையைச் செய்கிறது. ஆகவே பணி எண் வரிக்கு வரி வர வேண்டும். அதை ஒவ்வொரு லாக் அழைப்பிலும் கையால் எழுதினால் மூன்றாம் நாளே எங்காவது விட்டுப்போகும். கான்டெக்ஸ்ட்வார் (ஒவ்வொரு வேலைக்கும் தன் மதிப்பைத் தனியே வைத்திருக்கும் மாறி) ஒன்றை வைத்துக்கொண்டு, வேலை தொடங்கும் இடத்தில் எண்ணை அதில் போடு. ஒரு ஃபில்டர் அதைப் படித்து லாக் பதிவில் ஒட்டட்டும். இங்கே மூன்று இடங்களில் வழுக்கும்.

ஃபில்டரை லாக்கரில் மாட்டினால், அந்த லாக்கரை நேரடியாக அழைத்த பதிவுகளுக்கு மட்டுமே அது ஓடும். கிளை லாக்கர்களிலிருந்து மேலேறி வரும் பதிவுகளை அது தொடாது. ஹேண்ட்லரில்தான் மாட்ட வேண்டும்.

ஃபார்மட் வரியில் பணி எண் இருந்து, பதிவில் அது இல்லாவிட்டால் உன் செய்தியே வராது. "லாக்கிங் எரர்" என்ற தலைப்போடு நீண்ட புலம்பல் ஒன்று பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎரருக்குப் போகும். 3.10 முதல் ஃபார்மட்டரிலேயே டிஃபால்ட்ஸ் (இல்லாத புலத்துக்கான மாற்று மதிப்பு) கொடுக்கலாம். பணி எண்ணுக்கு ஒரு சிறு கோடு (-) போட்டுவை.

மூன்றாவது, அந்த மாறியின் மதிப்பைச் சுமக்கும் கான்டெக்ஸ்ட் எங்கே தொடரும், எங்கே அறுந்துபோகும் என்பது. புதிய டாஸ்க் உருவாகும்போது அது தானாகவே நகலெடுக்கப்படும். அசின்க்ஐஓவிலிருந்து வேறு த்ரெட்டுக்கு டுத்ரெட் வழியாகப் போனாலும் கூடவே போகும். ரன்இன்எக்ஸிக்யூட்டர் அதைக் கொண்டுபோகாது, வழக்கமான பைத்தானில் நீயே தொடங்கும் த்ரெட்டும் வெறுங்கையோடுதான் தொடங்கும். அங்கெல்லாம் காப்பிகான்டெக்ஸ்ட்டை எடுத்து, அதன் ரன் வழியாக வேலையை ஓட்டு.

பல பிராசஸ் என்றால் கதை வேறு. ஹேண்ட்லரின் பூட்டு ஒரு பிராசஸோடு நின்றுவிடும். நான்கு பிராசஸ்கள் ஒரே கோப்பைத் திறந்து எழுதுவதை லாக்கிங் மாட்யூல் ஆதரிக்கவில்லை. அதிலும் கோப்பு பெரிதானதும் புதிதுக்கு மாறும் ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லர் வைத்தால், ஒன்று கோப்பின் பெயரை மாற்றிவிட, மற்றவை பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பைப் வழியாக அனுப்பினால் லினக்ஸில் 4096 பைட் வரையிலான எழுத்து உடையாது. அதைவிட நீண்ட ட்ரேஸ்பேக் (பிழை வந்த பாதையைக் காட்டும் வரிகள்) இடையில் வெட்டுப்படலாம். தொழிலாளி பிராசஸ்களில் பதிவை வரிசையில் போடும் கியூஹேண்ட்லர் மட்டும், தாய் பிராசஸில் அதை எடுத்து எழுதும் ஒரே ஒரு கியூலிஸனர், அதன் பின்னால் கோப்பு. இதுவே சரியான ஏற்பாடு. இங்கே ஃபில்டரைத் தொழிலாளிப் பக்கம், கியூஹேண்ட்லரிலேயே மாட்டு. லிஸனர் பக்கத்து ஹேண்ட்லரில் மாட்டினால் அது வேறொரு த்ரெட்டில் ஓடும், பணி எண் எல்லாம் கோடாகவே வரும். இன்னொன்று: 3.14-இல், லினக்ஸில் பிள்ளைப் பிராசஸைத் தொடங்கும் இயல்பு முறை, தாயை அப்படியே நகலெடுக்கும் ஃபோர்க்கிலிருந்து ஃபோர்க்சர்வருக்கு மாறிவிட்டது. தாய் செய்த லாக் அமைப்பு பிள்ளைகளுக்குப் போகாது. பூலின் இனிஷியலைசரில் அதைத் திரும்பச் செய்.

இனி பிழைகள். உன் நிரலில் ஏதோ வேலை சத்தமில்லாமல் நின்றுபோகிறது என்று எழுதியிருந்தாயே, வேலையை எக்ஸிக்யூட்டரில் சப்மிட் செய்துவிட்டு, அது திருப்பித் தரும் ஃபியூச்சரின் ரிசல்ட்டைக் கேட்காமல் விட்டிருப்பாய். எக்ஸெப்ஷன் (எறியப்பட்ட பிழை) அந்த ஃபியூச்சருக்குள்ளேயே கிடக்கும், யாரும் கேட்காவிட்டால் வெளியே வராது. வேலைக்கான ஃபங்ஷனைச் சுற்றி ஓர் உறை போடு. உள்ளே எது வெடித்தாலும் லாக்கர்.எக்ஸெப்ஷன் கொண்டு அங்கேயே எழுதி, பிறகு மேலே விடு. அந்த இடத்தில் பணி எண்ணும் த்ரெட் பெயரும் கையில் இருக்கும். நீயே தொடங்கும் த்ரெட்டுகளுக்கு, யாரும் பிடிக்காத பிழையை வாங்கிக்கொள்ளும், 3.8-இல் வந்த த்ரெட்டிங்.எக்ஸெப்ட்ஹூக்கை லாக்கரோடு இணைத்துவிடு.

எழுதும் இடம் அந்த உறை ஒன்று மட்டுமாக இருக்கட்டும். ஒவ்வொரு அடுக்கிலும் பிடித்து, எழுதி, திரும்ப எறிந்தால் ஒரே பிழை மூன்று முறை வரும். எட்டு த்ரெட் கலந்த கோப்பில் அது மூன்று பிழையாகத்தான் தெரியும். இடையடுக்குகளுக்கு ஏதாவது சொல்ல இருந்தால், 3.11 முதல் ஆட்நோட் இருக்கிறது. "வரிசை 381-ஐப் படிக்கும்போது" என்று எக்ஸெப்ஷனிலேயே குறிப்பை ஒட்டி மேலே அனுப்பினால், அது ட்ரேஸ்பேக்கின் அடியில் வந்து நிற்கும்.

பிராசஸ் பூலில் நீயே எழுதிய எக்ஸெப்ஷன் கிளாஸ் ஒரு கண்ணிவெடி. இனிட்டில் இரண்டு மதிப்பு வாங்கி, சூப்பருக்கு (மூல கிளாஸுக்கு) ஒரே செய்தியைக் கொடுத்தாயானால், பிராசஸ்களுக்கிடையே பொருளைக் கொண்டுபோகும் பிக்கிள் அதைத் தாய்ப் பக்கம் மீண்டும் கட்டும்போது மதிப்பு குறைகிறது என்று டைப்எரர் வரும். பூலே உடைந்து, காத்திருந்த மற்ற வேலைகளும் புரோக்கன்பிராசஸ்பூல் என்று சாகும். வாங்கிய மதிப்புகள் இரண்டையும் அப்படியே சூப்பருக்குக் கொடுத்துவிட்டால் போதும்.

செய்தியின் சொற்களைப் பற்றியும் ஒன்று. உன் கோப்பில் "பிழை:" என்று எழுதி அதற்குப் பின் ஒன்றுமில்லாத வரிகள் ஆறு. மதிப்பு எதுவும் கொடுக்காமல் எறியப்பட்ட டைம்அவுட்எரரை எஸ்டிஆர் (சரம்) ஆக்கினால் ஒன்றுமில்லாத வெற்றுச் சரம்தான். கீஎரர் வந்தால் சாவியின் பெயர் மட்டும் நிற்கும். எக்ஸெப்ஷனை எப்போதும் ஆர் (!r) வடிவில் எழுது, வகைப் பெயரும் சேர்ந்து வரும். வெளியிலிருந்து வரும் சரங்களுக்கும் அதே வடிவம்தான். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு வரிமுடிவு போலியான லாக் வரி ஒன்றை உண்டாக்கிவிடும். இப்படி ஒரு வரி:

14:02:31.087 எரர் 5120 பதிவிறக்கி_3 பணி=4172 பக்கம் வரவில்லை முகவரி='/பட்டியல்/9' முயற்சி=3/5 காத்தது=10.0நொடி பிழை=டைம்அவுட்எரர்()

"பணி=4172" என்று தேடினால் அந்த வேலையின் வரிகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். ட்ரேஸ்பேக்கின் தொடர் வரிகளில் மட்டும் அந்த எண் இருக்காது, தேடலில் அவை தப்பிவிடும். ஃபார்மட்டரின் ஃபார்மட்எக்ஸெப்ஷனை மாற்றியெழுதி, ஒவ்வொரு வரியின் முன்னும் பணி எண்ணை ஒட்டலாம் என்று தோன்றும். அந்த மெதடுக்கு லாக் பதிவு கிடைக்காது, ஆகவே ஃபார்மட் மெதடையே மாற்றியெழுது. லாக்கைச் சேகரிக்கும் கருவி வரி வரியாகப் பிரிக்குமானால், ஒரு பதிவுக்கு ஒரு ஜேசன் வரி என்று மாறுவது நல்லது. கியூஹேண்ட்லர் ட்ரேஸ்பேக்கைச் செய்தியோடு சேர்த்துவிட்டு, பிழை விவரம் இருக்கும் எக்ஸ்கின்ஃபோவை அழித்துத்தான் அனுப்பும். அதைத் தனிப் புலமாக வைக்க வேண்டுமானால் அதன் பிரிப்பேர் மெதடை மாற்ற வேண்டியிருக்கும்.

முதலில் உறையையும் பணி எண்ணையும் மட்டும் போட்டு ஓட்டு. அந்தப் பதினேழு தோல்விகளும் எத்தனை வேலைகளுடையவை, எல்லாம் ஒரே முகவரிக்குப் போனவையா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்