ஆழ்கடல் படகுகளுக்கு மறுமொழி தரும் அபாய அறிவிப்புக் கருவி கோரி மனு

அனுப்புநர்:
தூத்தூர் வட்டார ஆழ்கடல் விசைப்படகு உரிமையாளர்கள், ஸ்ராங்குகள் (படகை ஓட்டும் தலைவர்கள்), தொழிலாளர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: மீன்பிடித் தடைக்காலம் முடியும் முன் ஆழ்கடல் படகுகளில் இருவழி அபாய அறிவிப்புக் கருவிகளைப் பொருத்தித் தர வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்க்காரர்கள் நாங்கள். சுறாவும் சூரையும் தேடிக் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளித் தங்கல் தொழில் செய்கிறோம். ஒருமுறை போனால் திரும்ப ஒரு மாதமும் ஆகும். புறப்பட்ட சில மணி நேரத்திலேயே செல்போன் ஓய்ந்துவிடும். வயர்லெஸ் பக்கத்துப் படகு வரை பேசும், கரைக்கு எட்டாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எச்சரிக்கை கரையில் வந்தபோது எங்கள் படகுகள் பல, கடலுக்குப் போய் நாளாகியிருந்தன. அதற்கு மேல் இங்கே எழுதத் தேவையில்லை, தாங்கள் அறிந்ததே.

கருவிகளே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2010 முதல் புழக்கத்தில் உள்ள இஸ்ரோவின் டாட் என்ற அபாய அறிவிப்புக் கருவியில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் செய்தி போகும், பதில் வராது. 2019-இல் வந்த ஜெமினி என்ற கருவி, புயல் செய்தியைப் படகுக்குத் தரும். படகிலிருந்து எதையும் அனுப்பாது. முன்னதற்குக் காது இல்லை, பின்னதற்கு வாய் இல்லை. என்ஜின் அறையில் தண்ணீர் ஏறும்போது பொத்தானை அழுத்திய ஸ்ராங்கு, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல், படகிலேயே இருப்பதா கடலில் குதிப்பதா என்பதை எதை வைத்து முடிவு செய்வார்?

"செய்தி கிடைத்தது" என்று படகுக்கே பதில் சொல்லும் இரண்டாம் தலைமுறை டாட் கருவியை இஸ்ரோ 2024-இல் அறிவித்துவிட்டது. இருவழித் தகவல் தரும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டமும் பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் நடக்கிறது. இவ்விரண்டில் ஒன்றாவது எங்கள் ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும் என்பதே முதன்மையான கோரிக்கை.

பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. உப்புக்காற்றில் ஆன்டெனா அரித்துப்போகும், பேட்டரி செத்துப்போகும். எங்கள் படகுகள் கேரளத்தின் கொச்சித் துறைமுகத்திலும் கரைபிடிப்பதால், ஊரில் பழுதுபார்க்கும் முகாம் போட்டால் அன்றைக்குப் படகு கொச்சியில் நிற்கும். ஆகவே கேரள மீன்வளத் துறையிடம் பேசி, கொச்சித் துறைமுகத்திலும் எங்கள் படகுகளுக்குப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். அசாம், ஒடிசாவிலிருந்து வந்து எங்களோடு தொழில் செய்பவர்களுக்கும் பொத்தானை இயக்கக் கற்றுத்தர வேண்டும். ஸ்ராங்கே விழுந்துகிடந்தால் அழுத்துவது அவர்கள்தானே.

2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் அருகே கப்பல் மோதிய படகில் இருந்தவர்களில் பலர் நம் மாவட்டத்தார். அப்படி ஒரு நொடியில் பொத்தானைத் தேட நேரம் இராது. தண்ணீரில் மூழ்கியதும் தானே கழன்று மிதந்து, தானே செய்தி அனுப்பும் எபிர்ப் கருவி பெரிய கப்பல்களில் இருக்கிறது. விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதை மானியத்தில் தர அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரைத் தடைக்காலம். அந்த 61 நாளும் படகுகள் கட்டிக் கிடக்கும். எல்லாப் படகையும் ஒருசேரப் பிடிக்க அதைவிட்டால் வேறு நாள் கிடையாது. அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள்