நிகோட்டின் இலையில் பிறப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பூச்சிவிரட்டிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புகையிலைக் கஷாயப் பகுதியில், நிகோட்டினை இலையே சுரப்பதாக எழுதியிருந்தது. தவறு. அதைச் செய்வது வேர். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஏறிப்போய் இலையில் சேர்ந்து கிடக்கிறது, அவ்வளவே.

1940களிலேயே ஒட்டுக் கட்டிப் பார்த்துவிட்டார்கள். புகையிலைத் தூரில் தக்காளியை ஒட்டினால் தக்காளி இலையில் நிகோட்டின் இருந்தது. தக்காளித் தூரில் ஒட்டிய புகையிலையில் ஏறக்குறைய இல்லை. வாட்டல் நோய்க்குப் பயந்து கத்தரியைச் சுண்டைத் தூரில் ஒட்டுகிறவன் நான். வேரின் மகிமையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேடசந்தூர்ப் பக்கம் என் மாமா, பூவெடுக்கும் சமயம் புகையிலைச் செடியின் கொண்டையைக் கிள்ளிப் பக்கச் சிம்புகளை ஒடித்துவிடுவார். கிள்ளினால்தான் காரம் ஏறும் என்பார். காயம் பட்ட செடியில் ஜாஸ்மோனேட் (மல்லிகையிடம் பெயர் வாங்கிய பொருள்!) உண்டாகி வேரை முடுக்க, வேர் இன்னும் அதிகமாக நிகோட்டினைச் செய்கிறது. புழு கடித்தாலும் இதே கதைதான்.

அங்கே பத்து வயதில், பனி ஈரத்தோடு ஒடித்த இலைக்கட்டைத் தோளில் சுமந்து வந்து வரப்பிலேயே வாந்தியெடுத்தேன். பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். ஈரத்தில் கரைந்து தோல் வழியே இறங்கிய நிகோட்டின் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பழுத்த இலையில் நஞ்சு தானே சிதைந்துவிடும் என்ற வரியும் பாதிதான் சரி. இலை பழுக்கும்போதும், அதை உலர்த்திப் பதப்படுத்திப் பாடம் போடும்போதும் நிகோட்டினில் ஒரு பகுதி, மெத்தில் தொகுதி ஒன்றை இழந்து நார்நிகோட்டின் ஆகிறது. பாடம் போடுகையில் அந்த நார்நிகோட்டினிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன் ஒன்று பிறக்கிறது. சிதைந்தும் விட்டபாடில்லை.

தட்டைப்பயற்றில் அசுவினிப் பூச்சி வந்தால் நானும் இந்தக் கஷாயத்தைத்தான் தெளிக்கிறேன். அரைக் கிலோ புகையிலையை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பார் சோப்புக் கரைசல் சேர்ப்பது எங்கள் வழக்கம். ஆனால் அதை வெறுங்கையால் பிழியச் சொல்லியிருக்கிறீர்களே! அடுத்த இதழில் கையுறை போடச் சொல்லுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்றும் சேர்த்துப் போடுங்கள். அந்தச் செடிகளையும் தாக்கும் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் சாவதில்லை.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்