எல்லாமே 'படைப்பிரிவு' ஆகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவ அமைப்பின் பெயர்களான பட்டாலியன், ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன், கோர் என எது வந்தாலும் தமிழ் நாளிதழ்களில் 'படைப்பிரிவு' என்றே அச்சாகிறது. சுமார் 800 பேர் உள்ள பட்டாலியனும் பல்லாயிரம் பேர் உள்ள டிவிஷனும் தலைப்பில் ஒரே அளவாகிவிடுகின்றன. இந்திய ராணுவம் பற்றி ஒரு குறிப்பேடு செய்தி மேசையில் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அதன் கட்டங்களைத் தப்பாகப் போட்டால் பிழையும் நிரந்தரமாகிவிடும்.

முதல் வேலை, இரண்டு பட்டியல்களைப் பிரித்து வைப்பது. ஒன்று, யாருடைய கட்டளையின் கீழ் என்பது. சிறியதிலிருந்து பெரியதாக: கம்பெனி, பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட். மற்றது, எந்த ரெஜிமென்ட் என்பது. காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது கிட்டத்தட்ட குலம் மாதிரி. மொத்தமாக ஓரிடத்தில் நின்று போரிடாது. மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. அதன் பட்டாலியன்களோ வெவ்வேறு பிரிகேடுகளின் கீழ் சிதறிக் கிடக்கும். எனவே 'மெட்ராஸ் ரெஜிமென்ட் எல்லைக்கு விரைந்தது' என்றால், எத்தனையாவது பட்டாலியன் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட் அதிகாரி. 2014 ஏப்ரலில் ஷோபியானில் உயிர்நீத்தபோது அவர் பணியாற்றியது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில்; பல ரெஜிமென்டுகளிலிருந்து வருவோர் பணியாற்றும் தீவிரவாத எதிர்ப்புப் படை அது. இரண்டும் சரி. 'படைப்பிரிவு' என்று ஒரே கட்டம் இருந்தால் துணை ஆசிரியர் ஒன்றை அடித்துவிடுவார். 'தாய் ரெஜிமென்ட்', 'பணியாற்றிய யூனிட்' என்று இரண்டு கட்டங்கள் வேண்டும்.

சொற்களிலும் பொறி உண்டு. கவசப் படையிலும் (டாங்கிப் படை) பீரங்கிப் படையிலும் 'ரெஜிமென்ட்' என்றால் பட்டாலியன் அளவிலான யூனிட்; கர்னல்தான் தலைமை. 'கோர்' என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள். ஸ்ரீநகரிலுள்ள 15-வது கோர் போர்முனை அமைப்பு. கோர் ஆஃப் சிக்னல்ஸ் தகவல் தொடர்புத் துறை. 'கர்னல் ஆஃப் தி ரெஜிமென்ட்' கௌரவப் பொறுப்பு மட்டுமே. பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரல் ஒருவர் வகிப்பார். பிரிகேடுக்குப் பிரிகேடியர், டிவிஷனுக்கு மேஜர் ஜெனரல் என்று பதவியை வைத்தே அளவை ஊகிக்கலாம். அதற்கு மேல் முடியாது. கோர், கமாண்ட் இரண்டுக்கும் லெப்டினன்ட் ஜெனரல்தான். சுபேதாரைப் பொத்தாம்பொதுவாக 'அதிகாரி' என்பதும் சரியல்ல, 'ஜவான்' என்பதும் சரியல்ல. நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் மூவரும் அதிகாரிகளுக்கும் ஜவான்களுக்கும் இடைப்பட்ட தனி அடுக்கு. கவசப் படையில் சுபேதாருக்கு ரிசால்தார் என்று பெயர்.

தலைமைப் பட்டியலில் 'தற்போதைய' என்ற சொல்லையே தடை செய்யலாம். ராணுவத் தலைமைத் தளபதியின் பதவிக்காலம் 3 ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியோ அது. பொறுப்பேற்ற நாள், விடுவித்த நாள், பட்டியலைச் சரிபார்த்த நாள் மூன்றும் இருந்தால் போதும். பதவியின் அன்றைய பெயரும் முக்கியம். 1949 ஜனவரி 15-ல் கரியப்பா ஏற்றது 'கமாண்டர்-இன்-சீஃப்' பதவி. 1955-ல் அந்தப் பெயர் நீங்கி, பதவி 'சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப்' என்றானது. குமாரமங்கலம் (1966–69), சுந்தர்ஜி (1986–88), பத்மநாபன் (2000–02) மூவரும் வகித்தது இந்தப் பிந்தைய பதவி. முப்படைகளின் உச்சத் தளபதி குடியரசுத் தலைவர். 2020 ஜனவரி 1 முதல் இருக்கும் சிடிஎஸ் (சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்) பதவிக்கு வேறு தமிழ்ப் பெயர் ஒன்றை நிலைப்படுத்துங்கள். இருவரையும் 'முப்படைத் தளபதி' என்று எழுதினால் வாசகர் யாரை நினைப்பார்?

மரபுகளில் அதிகம் குழம்புவது குறிக்கோளும் போர் முழக்கமும். மெட்ராஸ் ரெஜிமென்டின் குறிக்கோள் கீதையிலிருந்து வந்த 'ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேய'. முழக்கம், நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'. பெங்களூருவை மையமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையைச் சேர்ந்தது. இந்த ரெஜிமென்டோடு சேர்க்கக் கூடாது. 'முன்பெயர்' என்று ஒரு கட்டமும் தேவை. மெட்ராஸ் ரெஜிமென்டின் 1-வது பட்டாலியன் பிற்பாடு இயந்திரமய காலாட்படையின் 1-வது பட்டாலியன் ஆனது; அந்தக் கட்டம் இல்லாவிட்டால் அதன் பழைய வரலாறு அறுந்துபோகும்.

விருதுகளுக்கும் இதே விதிதான். 1952-ல் அசோக சக்கரம் மூன்று வகுப்புகளாகத் தொடங்கியது. 1967-ல்தான் இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் ஆயின. பழைய செய்தியில் 'அசோக சக்கரம், இரண்டாம் வகுப்பு' என்று இருந்தால் அப்படியே பதிந்து, இன்றைய பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்