புகையும் உள்ளங்கை வியர்வையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சிகரெட் புகைத்தவுடன் உடல் அமைதியடைவதை விரல்களில் பொருத்தப்படும் கருவியே காட்டிவிடுகிறது என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் அதை மறுக்க வேண்டியிருக்கிறது.

அக்கருவி அளப்பது அமைதியை அன்று. நாம் உணராத அளவு சிறிய மின்னழுத்தத்தைச் செலுத்தி, தோல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மைக்ரோசீமன்ஸ் அலகில் அது பதிவு செய்கிறது. உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பு கூடினால் அந்த அளவும் கூடும். பிரெஞ்சு மருத்துவர் ஃபெரே 1888-இல் விவரித்த இம்முறை இன்றும் பயன்படுவதற்குக் காரணம், உடலைப் பரபரப்புக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் மட்டுமே அச்சுரப்பிகளை இயக்குகின்றன என்பதுதான்.

நிக்கோட்டினோ, நரம்புச் செய்திகளைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் போல நடித்து அந்நரம்புகளின் முடிச்சுகளைத் தூண்டுகிறது. அட்ரினலினையும் சுரக்கச் செய்கிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் நுனி குளிர்கிறது. இதை அமைதி என்று எந்த உடலியங்கியலாளரும் சொல்லமாட்டார். புகைப்பவர் உணரும் ஆறுதல் பொய்யன்று. ஆனால் இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால் தலைதூக்கும் எரிச்சல், அடுத்த சிகரெட்டால் தணிவதே பெரும்பாலும் அந்த ஆறுதல்.

கட்டுரை கவனிக்கத் தவறிய இரண்டு செய்திகள் இன்னும் முக்கியமானவை. பழகிய புகைப்பாளருக்கு சிகரெட்டைக் கண்டாலே, பிறர் பற்றவைப்பதைப் பார்த்தாலே, வியர்வைச் சுரப்பு கூடுகிறது. ஆகவே பற்றவைக்கும் முன் எடுத்த அளவே உயர்ந்திருக்கக்கூடும், பிறகு அது இறங்கினால் ஏக்கம் தணிந்ததை நிக்கோட்டின் தந்த அமைதியென்று தவறாகப் படித்துவிடுவோம். மற்றொன்று, ஆழமாக மூச்சை இழுப்பதே தோலின் மின்கடத்தலை ஒரு கணம் உயர்த்திவிடும். வகுப்பில் கருவியைச் சரிபார்க்க மாணவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வதே இதைத்தான். புகைப்பதென்பது அடுத்தடுத்து மூச்சை இழுப்பதுதானே!

எனவே இத்தகைய அளவீடுகளை வெளியிடும்போது, பற்றவைக்காத சிகரெட்டை அதே வேகத்தில் இழுக்கச் செய்து ஒப்பிட்டார்களா, சோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பு கடைசியாகப் புகைத்தார்கள், அறையின் வெப்பநிலை மாறாமல் இருந்ததா ஆகிய விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்